கலங்கலின் உள்ளே

நம் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தமிழில் ஒரு கட்டுரை எழுதி எடுத்துவந்து, "சொல்லை மட்டும் பாத்துக் குடுங்க சார், பொருளை நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லையும் பொருளையும் இப்படிப் பாகம் பிரித்துக்கொள்ள முடியும் என்று இயற்பியலார் இன்னும் நம்புகிறார்கள், நம்பட்டும். தலைப்பு ‘செறிவுமிகு தொங்கல்களின் பாய்வும் ஊடுகதிர்ப் படிமமும்’. நீரில் திண்மத் துகள்கள் நெருக்கமாகக் கலந்திருக்கையில் அக்கலவை எப்படி ஓடுகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை எக்ஸ்ரே கொண்டு பார்க்கும் முயற்சிகளைப் பற்றியது அது.

‘தொங்கல்’ என்ற சொல் நம்மை உறுத்தியது. பள்ளிப் பாடநூல்களில் வழங்கும் கலைச்சொல்தான், தவறில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டையில் தொங்கல் என்றால் முடியாமல் இழுபடும் வழக்கு, பைசல் ஆகாத கொடுக்கல் வாங்கல். அது போகட்டும். ஒரு குவளை நீரில் ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டுக் கலக்கினால் துகள்கள் சற்று நேரம் தொங்கத்தான் செய்கின்றன, பிறகு அடங்குகின்றன. துகள் பாதி, நீர் பாதி என்றாகிவிட்டால் அங்கே தொங்குவதற்கு இடம் ஏது? ஒவ்வொன்றும் மற்றொன்றின் மேல் சாய்ந்து, இடித்து, தள்ளிக்கொண்டல்லவா நகர்கிறது? ‘செறிகலங்கல்’ என்று திருத்திக் கொடுத்தோம். நண்பர் அரைமனதோடு ஏற்றுக்கொண்டார்.

இந்த வகைப் பொருள்களுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. கலங்கல், சேறு, அளறு, குழம்பு, வண்டல், மண்டி, கசடு என்று வரிசை நீள்கிறது. ஒரே கேழ்வரகு மாவு நீரின் அளவு குறையக் குறையக் கஞ்சியாகிறது, கூழாகிறது, களியாகிறது. கஞ்சியைக் குடிக்கிறோம், கூழைக் கரைத்துக் குடிக்கிறோம், களியை உருட்டி விழுங்குகிறோம். ஓடுகிற பொருள் எந்த இடத்தில் நிற்கிற பொருளாகிறது என்பதை நம் அடுப்படிகள் வினைச்சொற்களைக் கொண்டே அளந்து வைத்திருக்கின்றன. இயற்பியலாருக்கு அந்த இடம் இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை என்று நண்பரின் கட்டுரையிலிருந்து அறிந்தபோதுதான் நாம் சொற்களை விட்டுவிட்டுப் பொருளைப் படிக்கத் தொடங்கினோம்.

துகள் மிகக் குறைவாக இருக்கும்வரை கணக்கு எளிது. ஐன்ஸ்டைன் 1906இல் எழுதிய ஆய்வுரையும் 1911இல் அதற்கு அவரே செய்த திருத்தமும் சொல்வது இது: நூற்றில் ஒரு பங்கு கனஅளவுக்கு உருண்டைத் துகள்களைச் சேர்த்தால் நீர்மத்தின் பாகுநிலை இரண்டரை விழுக்காடு கூடும். இந்தக் கணக்கில் ஒரு துகளுக்கு அடுத்த துகளைத் தெரியாது. நாற்பது, ஐம்பது விழுக்காடு என்று ஏறும்போது கணக்கு தடம்புரள்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டில் நடந்தவர்களுக்கு விளங்கும். அங்கே எவரும் தம் வேகத்தைத் தாம் தீர்மானிப்பதில்லை. ஒரே அளவான மணிகளை ஒரு குடத்தில் கொட்டிக் குலுக்கினால் குடத்தின் கனஅளவில் ஏறத்தாழ 64 விழுக்காடுதான் மணி, எஞ்சியது இடைவெளி. கலங்கலில் துகள் அந்த அளவை நெருங்கும் முன்பே, ஒன்றோடொன்று உரசும் உராய்வினால் எல்லாம் சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது.

மக்காச்சோள மாவைச் சிறிது நீரில் கரைத்து விரலால் மெல்லத் துழாவினால் பால்போல் வழிவிடும். ஓங்கி அறைந்தால் கல். (வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் தந்த சலவைக்காரர்கள் துணிக்குப் போட்ட கஞ்சி இதுவன்று, காய்ச்சினால் மாவுமணிகள் நீரை உறிஞ்சி உடைந்து பசையாகிவிடும். இங்கே பேசுவது காய்ச்சாத மாவு.) சிகாகோ பல்கலைக்கழகத்தின் வைட்டுகைட்டிஸ், யேகர் இருவரும் இந்த மாவுக் கலங்கலில் ஓர் உலோகத் தண்டைப் பாய்ச்சி, அதிவேக ஒளிப்படத்தாலும் எக்ஸ்ரேயாலும் பார்த்து 2012இல் எழுதினார்கள். தண்டுக்கு அடியில் துகள்கள் நெருங்கி ஒரு கட்டி உருவாகிறது. துடைப்பத்தின் முன்னால் குப்பை சேர்ந்து தடிப்பதுபோல அந்தக் கட்டி கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. வெளியிலிருந்து கையால் உணர்பவருக்குத் தெரிவது ‘கெட்டியாகிறது’ என்பது மட்டுமே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு; துறைமுகப் பக்கத்துக்காரர்கள் அறிந்திருக்க வேண்டியது. இரும்புத்தாதுப் பொடி கப்பலின் அறையில் குவிந்திருக்கும்போது உலர்ந்த மண்மேடு போலவே தோன்றும். உள்ளே ஈரம் மிகுந்திருந்தால் எந்திரத்தின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் மணிகளின் பிடி தளர்ந்து அம்மேடு ஒரு நாழிகையில் சேறாக ஓடிவிடும், கப்பல் ஒருபுறம் சாயும். 2009இன் மழைக்காலத்தில் இந்தியாவிலிருந்து தாதுப்பொடி ஏற்றிய ‘ஏசியன் ஃபாரஸ்ட்’ மங்களூருக்கு அப்பாலும் ‘பிளாக் ரோஸ்’ பாரதீப்புக்கு அப்பாலும் மூழ்கின. உயர்நீதிமன்றம் நிலக்கரியையும் இரும்புத்தாதையும் 2011இல் தடுக்கும்வரை சென்னைத் துறைமுகத்திலும் அதே பொடி ஏறிக்கொண்டிருந்தது. இராயபுரத்து வீடுகளில் அதன் செம்மை படியாத சுவர் குறைவு.

கலங்கல் ஒளிபுகாதது. அதுதான் இந்தத் துறையின் முதல் தொல்லை. எனவே நெடுங்காலம் வெளியிலிருந்தே அளந்தார்கள்: ஒரு உருளைக்குள் மற்றொரு உருளையை வைத்து, இடைவெளியில் கலங்கலை ஊற்றி, ஒன்றைச் சுழற்றி மற்றொன்றின் மேல் விழும் முறுக்கை அளப்பது. பாலைவன மணலைப் பற்றி நூல் எழுதியவரும், இரண்டாம் உலகப்போரில் லிபியப் பாலையில் படைப்பிரிவு நடத்தியவருமான பாக்னால்டு இப்படித்தான் மெழுகுமணிகளை வைத்து அளந்து 1954இல் ஒரு விதியைச் சொன்னார். அரை நூற்றாண்டுக் காலம் அது மேற்கோளாக வாழ்ந்தது. 2002இல் கலிபோர்னியாவில் சிலர் அந்தச் சோதனையை மறுபடி எடுத்து ஆராய்ந்தபோது, பாத்திரம் போதிய உயரமின்றி இருந்ததையும், அதன் மேல்கீழ் முனைகளில் எழுந்த சுழல்களே முறுக்கின் ஒரு பகுதியைத் தந்திருந்ததையும் கண்டார்கள். பாத்திரத்தின் குரலைத் துகளின் குரலாகக் கேட்டிருக்கிறார், அத்தனை பெரிய மனிதர்.

இன்னொன்று நமக்கு மிகவும் பிடித்தது. 1980இல் கடாலா-மரியா, அக்ரிவோஸ் என்னும் இருவர் இதே போன்ற கருவியில் கலங்கலைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள். மணிக்கணக்கில் சுழலச் சுழலப் பாகுநிலை மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. துகள் தேயவில்லை, நீர் கூடவில்லை. ஏழாண்டு கழித்து லெய்ட்டனும் அக்ரிவோஸும் விடை சொன்னார்கள்: துகள்கள் இடம்பெயர்கின்றன. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வேகமாக வழுக்கும் இடத்தில் இடிபடுதல் மிகுதி. அங்கிருந்து அவை அமைதியான இடத்துக்கு ஒதுங்குகின்றன. ஒரு குழாயில் ஓடினால் சுவரோரத்தை விட்டு நடுவுக்கு நகர்கின்றன. நாம் ஊற்றியது சீரான கலவை, ஓடுவது சீரற்றது. வெளியே உள்ள முள் ‘குறைகிறது’ என்று மட்டும் காட்டிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்ரே இங்கேதான் நுழைகிறது. ஓர் அணு எவ்வளவு கனமோ அவ்வளவு மிகுதியாக அக்கதிரை விழுங்கும். நீரிலுள்ள ஆக்சிஜனின் அணுஎண் 8, எலும்பின் கால்சியம் 20, பேரியம் 56. விழுங்கும் திறனோ அணுஎண்ணின் ஏறத்தாழ மும்மடிப் பெருக்கமாக ஏறுவது. எனவே கலங்கலின் ஊடே கதிரைச் செலுத்தினால், நிழலின் ஆழத்தைக் கொண்டு அந்தக் கோட்டில் எத்தனை துகள் நின்றது என்று கணக்கிடலாம். பல கோணங்களில் எடுத்துச் சேர்த்தால் முழு உருவமே கிடைக்கும். ஹவுன்ஸ்பீல்டு 1971இல் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக அப்படித்தான் படமெடுத்தார். ஆனால் ஓடுகிற பொருள் அடுத்த கோணத்துக்குக் காத்திருக்காது. ஆதலால் ஒரே திசையில் விரைவிரைவாக நிழல்களை எடுத்து எஞ்சியதைக் கணிதத்துக்கு விடுகிறார்கள். 2020இல் பிரான்சில் ஒரு குழுவினர் மாவுக் கலங்கலை இவ்வாறு பார்த்து, அதற்குள் செறிந்த பகுதியும் நெகிழ்ந்த பகுதியும் அலைபோலச் சுற்றிவருவதைக் கண்டார்கள். வெளிமுள்ளின் நடுக்கம் என்று ஒதுக்கப்பட்டதற்கு உள்ளே ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது.

நண்பரின் கட்டுரை இவ்வளவில் முடிந்தது. இதைப் படிக்கையில் நம் மனம் போனது சிகாகோவுக்கு அன்று. வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்கு.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை என்று பலகையில் எழுதியிருப்பதைப் பழைய வண்ணாரப்பேட்டையில் முதியவர்கள் கஞ்சித்தொட்டி என்றே சொல்வார்கள். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்த மக்களுக்குக் கஞ்சி வார்க்க மணியக்காரர் ஒருவர் வைத்த தொட்டி பின்னர் மணியக்காரர் சத்திரமாகி, அதையொட்டி மருத்துவமனை வளர்ந்தது. மருத்துவக் கல்லூரிக்கு ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் 1938இல் வந்து சேர்ந்தது. ஆளுநரைவிடக் கஞ்சி நாவில் நிலைத்தது.

அந்தக் கஞ்சித்தொட்டியில் நம் தந்தையார் ஒரு நாள் வெண்ணிறக் கஞ்சி ஒன்றைக் குடித்தார். பேரியம் கரைசல் என்று எல்லோரும் சொல்வார்கள். பேரியம் சல்பேட்டு கரைவதே இல்லை. கரையக்கூடிய பேரியம் உப்புகள் நஞ்சு, பேரியம் கார்பனேட்டு எலி மருந்து. சல்பேட்டு நீரிலும் கரையாது, வயிற்று அமிலத்திலும் கரையாது. போன வழியே போய் வெளியேறிவிடும். ஆகவே அது நுண்மணிகள் மிதக்கும் முறையான கலங்கல், அடியில் தங்கிவிடாமல் இருக்கக் கொஞ்சம் பசை சேர்த்தது. ஹார்வர்டில் மாணவராக இருந்த கேனன் 1896இல், எக்ஸ்ரே கண்டுபிடித்த மறு ஆண்டிலேயே, வாத்தின் நீண்ட கழுத்தில் உணவு இறங்குவதைப் பிஸ்மத் உப்பை ஊட்டிப் பார்த்தார். பிஸ்மத் சிலரை நஞ்சாகப் பிடித்தது, விலையும் அதிகம். 1910 வாக்கில் ஜெர்மானியர்கள் பேரியத்துக்கு மாறினார்கள். பேரியம் தரும் பேரைட்டு என்ற கனமான வெண்கல்லுக்கு உலகில் பெயர்பெற்ற சுரங்கம் நமக்கு அண்டையில், கடப்பைப் பக்கத்து மங்கம்பேட்டையில் இருக்கிறது. எண்ணெய்க் கிணறு துளைப்போர் தம் சேற்றுக்கு எடையேற்ற வாங்கும் அந்தக் கல் நம் துறைமுகத்தின் வழியாகவும் கப்பலேறியிருக்கிறது.

தந்தையார் வாழ்நாளெல்லாம் கலங்கலோடு பழகியவர். வடக்கே ஓர் அனல்மின் நிலையத்தில், ஒப்பந்ததாரரிடம், சாம்பல் குழாயில் வேலை. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல்தான். எரிந்தபின் எஞ்சும் அதை நீரோடு கலந்து இரும்புக் குழாய்களில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிச் சாம்பல் குட்டையில் விடுவார்கள். கேட்க எளிது. மெதுவாகத் தள்ளினால் சாம்பல் குழாயின் அடியில் தங்கி, மேலும் தங்கி, அடைத்துக்கொள்ளும். வேகமாகத் தள்ளினால் மணல்போன்ற அதன் கூர்மை குழாயின் அடிப்பக்கத்தை அரித்து ஓட்டையாக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வேகம். அதிலும் அரிப்பு அடியில்தான் மிகுதி என்பதால் சில காலத்துக்கு ஒருமுறை குழாயை அவிழ்த்து மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பி வைப்பார்கள், தேயாத பக்கம் கீழே வரும்படி. "பொரட்டிப் போடறது" என்பார் தந்தையார்.

அவருடைய கருவி ஒரு சுத்தியல். குழாயோடு நடந்து தட்டிக்கொண்டே போவார். ‘டங்’ என்றால் ஓட்டம் சரி, ‘தொம்’ என்றால் அடியில் படிந்திருக்கிறது. எந்த அளவுக்குப் படிவு என்பதை மேலே, பக்கத்தில், கீழே என்று மூன்று தட்டில் சொல்லிவிடுவார். வெளியிலிருந்து அளப்பதை மேலே குறைகூறிவிட்டு இதைச் சொல்கிறோமே என்று வாசகர் கேட்கலாம். பாக்னால்டு ஒரு பாத்திரத்தை அளந்தார். இவர் ஒரே குழாயை இருபது ஆண்டு கேட்டார், தவறாகச் சொன்ன அன்றெல்லாம் அதைத் தாமே அவிழ்த்துப் பார்க்கவும் நேர்ந்தது.

ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளுக்குப்பின் அவருக்கு உணவு இறங்காமற் போயிற்று. முதலில் சோற்றைக் குறைத்தார், பிறகு கஞ்சி, பிறகு அதுவும் நெஞ்சில் நின்றது. இரவில் படுத்தால் வாய்க்கு ஏறி வந்தது. வேட்டியின் முடிச்சு மாதத்துக்கு மாதம் இடம் மாறியது. பீடி பிடித்த நெஞ்சு, எழுபதைத் தாண்டிய வயது. தெருவில் எல்லோரும் அந்த ஒரு நோயைத்தான் நினைத்தார்கள், வீட்டில் அதன் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. அம்மா முழுங்குவது என்ற சொல்லையே தவிர்த்தார், ‘எடுத்துக்கினியா?’ என்று மட்டும் கேட்பார்.

"இன்னா நைனா, வலிக்குதா?"

"வலிலாம் இல்லடா. எறங்க மாட்டேங்குது. சோறும் நிக்குது, தண்ணியும் நிக்குது." சற்று நேரம் சுவரைப் பார்த்திருந்துவிட்டு, "இது அடைப்பு மாரி தெர்ல" என்றார்.

"அதெப்படி நைனா சொல்றே?"

"அடைப்புன்னா தண்ணி எப்டியாச்சும் சந்து கண்டுபுட்ச்சி கசிஞ்சி போவும். கட்டிதான் நிக்கும். ரெண்டும் நிக்குதுன்னா வால்வு தொறக்கல."

இதைத் தேற்றிக்கொள்ளும் பேச்சு என்றுதான் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் அந்த அம்மையார் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "தாத்தா, முதல்ல சோறு மட்டும் நின்னுச்சா, இல்ல ஆரம்பத்துலேர்ந்தே தண்ணியும் நின்னுச்சா?" கட்டி வளர்ந்து பாதையை நெருக்கினால் முதலில் திண்மம் நிற்கும், நாள் சென்று நீர்மமும் நிற்கும். இரண்டும் ஒருசேர நின்றால் வேறு வகை என்று அவர்கள் பாடத்தில் இருக்கிறது. குழாய்க்காரர் பாடத்திலும் இருந்தது.

கஞ்சியை நிற்கவைத்தே குடிக்கச் செய்தார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு படம், இரண்டாம் நிமிடத்தில் ஒன்று, ஐந்தாம் நிமிடத்தில் ஒன்று. ஓட்டம் சரியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பாதை காலியாகிவிட வேண்டும். மூன்று படங்களையும் விளக்குப்பலகையில் மாட்டியபோது நாமும் தந்தையாரும் அருகில் நின்றிருந்தோம். மூன்றிலும் அதே வெண்தூண், ஏறத்தாழ அதே உயரம். அம்மையார் அளவுகோலை வைத்து உயரத்தைக் குறித்துக்கொண்டார். தூணின் அடி வழவழப்பாகக் குவிந்து ஒரு கூரிய முனையில் முடிந்தது; பறவையின் அலகு என்று மருத்துவ நூல்கள் அதைச் சொல்கின்றன. கட்டியாக இருந்தால் விளிம்பு கரடுமுரடாக, அரித்தாற்போல இருக்குமாம்.

தந்தையார் முனையின்மேல் விரலை வைத்தார். "இதோ, இங்க. வால்வு."

அக்கலேசியா என்று நோயின் பெயரை எழுதினார்கள். நெகிழாமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். உணவுக்குழாயின் கீழ்வாயைத் திறக்கச் சொல்லும் நரம்புகள் பழுதுபட்டு, வாய் இறுகியே இருந்துவிடுவது. எண்டோஸ்கோப்பி வைத்தும் அழுத்தம் அளந்தும் உறுதிசெய்த பிறகு பலூன் வைத்து விரித்தார்கள். இப்போது உண்கிறார், மெதுவாக. உண்டபின் ஒரு சொம்பு நீர் குடித்துக் குழாயைக் கழுவிவிடுவதாகச் சொல்லிக்கொள்கிறார்.

மருத்துவமனையில் கலங்கலை விளக்காக்கிப் பாத்திரத்தைப் பார்க்கிறார்கள். ஆய்வகத்தில் பாத்திரம் தெரிந்தது, கலங்கலே கேள்வி. கதிர் ஒன்றுதான். நண்பரிடம் இதைச் சொன்னபோது, நம் எண்ணூருக்கு இந்த ஆய்வு நேரடியாகத் தேவைப்படுகிறது என்று அவர் வேறொரு திசையில் போனார். பழைய முறையில் சாம்பலைப்போலப் பல மடங்கு நீர் சேர்த்துத் தள்ளுகிறார்கள். எடையில் அறுபது விழுக்காடு சாம்பல் இருக்கும்படி கெட்டிக் குழம்பாகத் தள்ளினால் நீர் மிச்சம், குட்டையில் போய்ச் சீக்கிரம் இறுகும், மெதுவாக ஓடினாலும் அடியில் தங்காது. நாட்டில் சில மின்நிலையங்களில் இந்த முறை வந்துவிட்டது. ஆனால் அந்தச் செறிவில் ஓரிரு விழுக்காடு ஏறினால்கூட ஓட்டம் நின்றுபோகலாம். எங்கே நிற்கும் என்பதற்குத்தான் உள்ளே பார்க்க வேண்டும். அதற்கெனச் சீசியம்-137 வைத்த காமாக்கதிர் அளவிகளைக் குழாயின் மேலேயே பொருத்துவதும் உண்டு. கதிர் ஒருபக்கம், உணரி மறுபக்கம்.

வீட்டில் தந்தையாரிடம் இதை விளக்கினோம். கவனமாகக் கேட்டார்.

"கொழாய் ஓட்ட வுழுந்தா அதுல தெரியுமா?"

தெரியாது. பொருத்திய இடத்தில் எவ்வளவு செறிவு என்று சொல்லும், அவ்வளவே. அரைக் கிலோமீட்டர் தள்ளி அடிப்பக்கம் கிழிந்து ஆற்றில் கொட்டுவது அதற்குத் தெரியாது. "அப்ப அது அவனுங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வட சென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்களின் கசிவு வழக்காகிப் பல ஆண்டுகள் நடந்தது ஊரறிந்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தன் தீர்ப்பை அளித்தது. கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்த சாம்பலைச் சீர்செய்யும் பொறுப்பு மின்வாரியத்தின் மேல் வந்தது. தீர்ப்பின் மொழி நம் துறை சார்ந்ததன்று. ஆற்றோரத்தார் மொழியைக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரும் நாமும் காட்டுக்குப்பத்துப் பக்கம் போனோம்.

நீர் வற்றம். கழுத்தில் கட்டிய பறியை முதுகுப்புறம் மிதக்கவிட்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, இரு கைகளாலும் அடிமண்ணைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். இருளர்களின் பழைய தொழில். வலை இல்லை, தூண்டில் இல்லை. கலங்கிய நீரில் கண்ணுக்கும் வேலை இல்லை. இறால் பகலில் சேற்றில் புதைந்திருக்கும், கை அதைக் கண்டுகொள்ளும். கரையேறியபோது எவ்வளவு கிடைத்தது என்று கேட்டோம். பறியைச் சாய்த்துக் காட்டினார். ஒரு கைப்பிடி தேறும்.

"முன்னலாம் கால வச்சா முட்டி வரிக்கும் பொதையும் சார். இப்ப இந்தப் பக்கம் பூரா சிமிட்டி போட்ட மாரி கீது. எறா எங்க பூரும்?"

சாம்பலின் நுண்மணிகள் பெரியனவற்றின் இடைவெளிகளில் போய் அடங்கிக்கொள்வதால் படிவு வண்டலைப்போல் நெகிழ்ந்து இராது, இறுகிவிடும் என்று நண்பர் எனக்கு விளக்கத் தொடங்கினார். அவரோ நின்று கேட்கவில்லை. எந்தெந்த இடத்தில் சாம்பல், எந்த இடத்தில் இன்னும் சேறு, சாம்பலுக்கு அடியில் சேறு எத்தனை விரல் ஆழத்தில் என்று, நீரில் நடந்தபடியே கையை நீட்டிக் காட்டிக்கொண்டு போனார். மரக்காணல் நிழல் வரை முதல் வகை, மின்கோபுரத்தின் கால் வரை இரண்டாவது. அதற்கு அப்பால் கால் புதையும் ஒரு துண்டு இடம் இருக்கிறது, அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் குனிந்திருந்தார்கள்.